மெடிக்கெய்ட் ஏற்கும் மனநல, போதை மீட்பு மையம் தொடங்குவது: உரிமம், பதிவு, ஒப்பந்தம்

அமெரிக்காவில் மனநலச் சிகிச்சையையும், மது மற்றும் போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் சிகிச்சையையும் சேர்த்து ‘பிஹேவியரல் ஹெல்த்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வைக்கிறார்கள். அந்நாட்டில் மனநலச் சிகிச்சைக்கு மிக அதிகமாகப் பணம் கொடுப்பது, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமாகிய மெடிக்கெய்ட்தான். எனவே இத்துறையில் இறங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “மெடிக்கெய்ட் லைசென்ஸ் வாங்குவது எப்படி?” என்பதே. அப்படி ஒரு லைசென்ஸ் கிடையாது. மையத்தை நடத்துவதற்கு மாநில அரசின் உரிமம் வேண்டும். பில் அனுப்புவதற்கு மெடிக்கெய்ட் திட்டத்தில் பதிவு வேண்டும். பெரும்பாலான நோயாளிகளுக்கான பணத்தைப் பெறுவதற்கு, அவர்கள் சேர்ந்திருக்கும் காப்பீட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் வேண்டும். இவை மூன்றும் தனித்தனி இடங்களில் நடக்கின்றன. ஒன்று கிடைத்துவிட்டது என்பதற்காக அடுத்தது தானாக வந்துவிடுவதில்லை. இந்த வரிசையையும், ஒவ்வொன்றுக்கும் இடையே காத்திருக்க நேரும் காலத்தையும் புரிந்துகொள்ளாமல் கட்டடத்தை வாடகைக்கு எடுப்பவர்கள்தான் முதலாண்டிலேயே தடுமாறுகிறார்கள்.

மெடிக்கெய்ட் 1965-இல், அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில் சட்டமாயிற்று. செலவை மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்கின்றன. மத்திய அரசின் பங்கு எந்த மாநிலத்திலும் 50 சதவீதத்துக்குக் குறையாது. மத்திய அரசு வகுத்த வரம்புகளுக்குள், எந்தச் சிகிச்சைக்குப் பணம் தருவது, எவ்வளவு தருவது, யாரைச் சேர்ப்பது என்பனவற்றை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. பெயர்கூட மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் அது மெடி-கால், டென்னசியில் டென்கேர், அரிசோனாவில் ‘ஆக்சஸ்’. ஆகவே டெக்சாஸில் மையம் நடத்தும் நண்பர் சொல்லும் விதிமுறை ஒஹாயோவில் செல்லாது. இக்கட்டுரை பெரும்பாலும் அரிசோனாவை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. மெடிக்கெய்ட் திட்டத்தில் கடைசியாக, 1982-இல் சேர்ந்த மாநிலம் அது. இத்துறையின் மிகப் பெரிய மோசடிகளில் ஒன்று அங்கே நடந்ததால், இன்றைய விதிகள் ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்பதும் அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

எந்த வகை மையம்?

உரிம விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது, எந்த அளவு தீவிரமான சிகிச்சையைத் தரப் போகிறோம் என்பது. போதை மீட்புச் சிகிச்சையில் இதற்கு அமெரிக்க போதை மருத்துவச் சங்கமான ‘ஆசாம்’ வகுத்த படிநிலைகளைத்தான் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றுகின்றன. முதல் படி, நோயாளி வாரத்துக்கு ஓரிரு முறை வந்துபோகும் சாதாரணப் புறநோயாளிச் சிகிச்சை. 2.1 என்ற படி வாரத்துக்குக் குறைந்தது 9 மணி நேரம் நடக்கும் தீவிரப் புறநோயாளிச் சிகிச்சை, 2.5 என்பது 20 மணி நேரமும் அதற்கு மேலும். மூன்றாம் படியில் நோயாளி மையத்திலேயே தங்குகிறார். நான்காம் படி மருத்துவமனை. ஒவ்வொரு படிக்கும் ஊழியர் தகுதி வேறு, உரிமப் பிரிவு வேறு, பில் குறியீடு வேறு. ஒரு படிக்கு உரிமம் வாங்கிக்கொண்டு இன்னொரு படிக்குப் பில் அனுப்பினால் அது தவறான கோரிக்கையாகிவிடும்.

தங்கிச் சிகிச்சை பெறும் மையம்தான் புதியவர்களை அதிகம் கவர்கிறது. நாளொன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் வருவதால் கணக்கு எளிதாகத் தெரிகிறது. ஆனால் அங்கே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, இத்தகைய மையங்களில் தங்கும் அறைக்கும் உணவுக்கும் மெடிக்கெய்ட் பணம் தராது. சிகிச்சைக்கு மட்டுமே தரும். அரிசியும் முட்டையும் மின்கட்டணமும் வீட்டு வாடகையும் வேறெங்கிருந்தோ வர வேண்டும். மாநில நிதியுதவி, நோயாளியின் சமூகப் பாதுகாப்புத் தொகையிலிருந்து ஒரு பங்கு, நன்கொடை ஆகியவற்றைச் சேர்த்துத்தான் அதைச் சமாளிக்கிறார்கள். இரண்டாவது, 16 படுக்கை வரம்பு. மனநோய்க்கும் போதைப் பழக்கத்துக்கும் சிகிச்சை தருவதையே முதன்மையாகக் கொண்ட, 16 படுக்கைக்கு மேற்பட்ட நிறுவனத்தில் இருக்கும் 21 முதல் 64 வயது வரையிலான நோயாளிகளுக்கு மத்திய அரசின் பங்கு கிடைக்காது. மாநில மனநல மருத்துவமனைகளின் செலவு மத்திய அரசின் தலையில் விழுந்துவிடக் கூடாது என்று 1965-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வைத்த தடையிலிருந்து வந்தது இது. 2015-க்குப் பிறகு பல மாநிலங்கள் சிறப்பு அனுமதி பெற்று, போதை மீட்புச் சிகிச்சையில் இதைத் தளர்த்தியிருக்கின்றன என்றாலும், 17-ஆவது படுக்கையைப் போடுமுன் தம் மாநிலத்துக்கு அந்த அனுமதி உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும்.

குடியை விட்டவர்கள் ஒன்றாக வாழும் ‘சோபர் லிவிங்’ வீட்டையும் சிகிச்சை மையத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அரிசோனாவில் இந்த வீடுகளுக்கும் தனி உரிமம் வேண்டும். ஆனால் அங்கே நடப்பது வசிப்பு, சிகிச்சை ஆகாது; எனவே அதற்காக மெடிக்கெய்டுக்குப் பில் அனுப்ப முடியாது.

ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதையிலிருந்து மீட்பதற்கான மெத்தடோன் மருந்தைக் கொடுக்கும் மையம் நடத்துவதானால் அது வேறு உலகம். மாநில உரிமத்தோடு ‘சாம்சா’ என்ற மத்திய நிறுவனத்தின் சான்றும், அங்கீகார அமைப்பு ஒன்றின் தரச்சான்றும், போதைப்பொருள் அமலாக்கத் துறையின் பதிவும் அதற்குத் தேவை. புதியவர்கள் அதை முதல் முயற்சியாக எடுக்காதிருப்பதே நல்லது. அதே போதைக்குத் தரும் புப்ரெனார்ஃபின் மருந்தின் நிலை இதற்கு நேர்மாறு. அதை எழுதிக்கொடுக்க மருத்துவருக்குத் தேவைப்பட்ட தனி அனுமதி 2022 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டதால், சாதாரணப் புறநோயாளி மையமே அதை வழங்கலாம்.

மாநில உரிமம்

அரிசோனாவில் உரிமம் தருவது மாநிலச் சுகாதாரத் துறை. உரிமம் பெற்ற மனநல ஆலோசகர் ஒருவர் தம் சொந்த அலுவலகத்தில் நோயாளிகளைப் பார்ப்பதற்கு நிறுவன உரிமம் தேவையில்லை. பல மாநிலங்களிலும் அப்படித்தான். கையில் அதிக முதல் இல்லாத மருத்துவரோ ஆலோசகரோ இந்த வாசல் வழியாக, சிறு குழுவாகத் தொடங்கி, மெடிக்கெய்ட் பில்லிங்கில் கை பழகிய பிறகு உரிமம் தேவைப்படும் மையத்துக்கு நகர்வதே நிதானமான வழி என்பது என் கருத்து. மருத்துவத் தகுதி இல்லாத முதலீட்டாளர்கள் இன்னொன்றையும் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிய வேண்டும். கலிஃபோர்னியா, நியூயார்க், டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் மருத்துவர் அல்லாதவர் மருத்துவத் தொழிலுக்கு உரிமையாளராக இருப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு.

விண்ணப்பப் படிவம் சிறியது; அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய ஆவணங்கள்தான் பெரியவை. நோயாளியைச் சேர்ப்பது, விடுவிப்பது, மருந்தைப் பாதுகாப்பது, தற்கொலை அபாயத்தைக் கணிப்பது, புகார்களைக் கையாள்வது, ஊழியரைப் பயிற்றுவிப்பது என ஒவ்வொன்றுக்கும் எழுத்து வடிவிலான நடைமுறைக் கையேடு வேண்டும். இணையத்தில் ஆயத்தக் கையேடுகள் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கலாம், ஆனால் ஆய்வாளர் ஊழியர் ஒருவரைத் தனியே அழைத்து, “நோயாளி மருந்தை மறுத்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்கும்போது, அவர் சொல்லும் பதிலும் கையேட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். படிக்கப்படாத கையேடு அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

தங்கும் மையத்தில் ஆய்வாளர் வரும் நாளில் உண்மையில் என்ன பார்க்கிறார் என்று தெரிந்துகொள்வது பயனுள்ளது. அவர் குளியலறைக் குழாயைத் திறந்து வெந்நீரில் வெப்பமானியை வைப்பார். அரிசோனா விதியின்படி அது 95 முதல் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். மருந்து அலமாரி பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருக்கும் கிருமிநாசினி புட்டியில் பெயர் ஒட்டியிருக்கிறதா, அது நோயாளிகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பேரிடர் ஒத்திகை நடந்த பதிவேட்டைக் கேட்பார். பிறகு ஊழியர் கோப்புகளில் உட்காருவார்: விரல்ரேகைச் சரிபார்ப்பு அட்டை, காசநோய் இல்லை என்பதற்கான சான்று, முதலுதவிப் பயிற்சிச் சான்று, வேலையில் சேர்ந்த நாள். சான்றின் தேதி, ஊழியர் நோயாளிகளோடு பணியாற்றத் தொடங்கிய நாளுக்குப் பிந்தியிருந்தால் குறை எழுதப்படும். இவற்றில் எதுவும் கடினமான காரியமில்லை; ஆனால் எல்லாம் ஒரே நாளில் ஒழுங்காக இருக்க வேண்டும்.

ஊழியர் அமைப்பில் மூன்று தட்டுகள் உண்டு. நோயறிதலுக்கும் சிகிச்சைத் திட்டத்துக்கும் பொறுப்பேற்கும் உரிமம் பெற்ற வல்லுநர்; அவருடைய மேற்பார்வையில் நேர்காணலும் குழு அமர்வும் நடத்தும் தொழில்நுட்பப் பணியாளர்; அன்றாட உதவி செய்யும் துணைப் பணியாளர். முதல் தட்டில் ஆள் கிடைப்பதுதான் அரிது. ஒரே ஒரு வல்லுநரை நம்பித் தொடங்கிய மையத்தில் அவர் விலகிவிட்டால், நோயாளிகள் இருப்பார்கள், உரிமமும் இருக்கும், ஆனால் பில் அனுப்ப முடியாது.

இடம் பார்க்கும்போது எந்தப் பகுதியில் எந்தப் பயன்பாட்டுக்குக் கட்டடம் இருக்கலாம் என்று சொல்லும் நகராட்சியின் ஜோனிங் விதிகளையும் கேட்டுவிட வேண்டும். “எங்கள் தெருவில் இது வேண்டாம்” என்ற எதிர்ப்பு எங்கும் எழும். போதையிலிருந்து மீண்டுவரும் நோயாளிகளை மாற்றுத்திறனாளிகளாகக் கருதி நியாய வீட்டுவசதிச் சட்டம் பாதுகாக்கிறது என்பதால், நகராட்சி அவர்களைக் குறிவைத்து விதி போட முடியாது. அதை நீதிமன்றத்தில் நிரூபிக்கும் வரை வாடகை கொடுப்பது மட்டும் நீங்கள்தான்.

மெடிக்கெய்ட் பதிவு

நிறுவனத்துக்கு வருமான வரித் துறையின் அடையாள எண்ணும், 10 இலக்கத் தேசிய மருத்துவ வழங்குநர் எண்ணும் வேண்டும். இந்த இரண்டாவது எண் இலவசமாகவே கிடைக்கும். நிறுவனத்துக்கு ஒன்று, அதில் பணிபுரியும் ஒவ்வொரு வல்லுநருக்கும் ஒன்று. இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களைத் தாராளமாகத் தவிர்க்கலாம்.

பிறகு மாநில மெடிக்கெய்ட் நிறுவனத்தில் வழங்குநராகப் பதிவு செய்ய வேண்டும். 2010-ஆம் ஆண்டின் சுகாதாரச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, மோசடி நடக்கும் வாய்ப்பைப் பொறுத்து விண்ணப்பதாரர்களைக் குறைந்த, நடுத்தர, அதிக அபாயம் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். நடுத்தர அபாயமென்றால், பதிவுக்கு முன்னும் பின்னும் அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள். அதிக அபாயமென்றால், 5 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் விரல்ரேகை கொடுக்க வேண்டும். உரிமையாளர்கள், மேலாளர்கள் எல்லோருடைய பெயரும் படிவத்தில் இருக்க வேண்டும். ‘பேருக்குப் பங்குதாரர்’ என்று மைத்துனரை மறைத்து வைக்க இடமில்லை. பங்குரிமை மாறினால் 35 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அரசுத் திட்டங்களிலிருந்து விலக்கப்பட்டவர்களின் மத்தியப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் பெயர் உள்ள ஒருவரை வரவேற்பறையில் வேலைக்கு வைத்தால்கூட, அவர் சம்பந்தப்பட்ட பில் பணத்தைத் திருப்பித் தரவும் அபராதம் கட்டவும் நேரும். எனவே மாதந்தோறும் ஊழியர் பெயர்களை அப்பட்டியலோடு ஒப்பிடுவது வழக்கம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தப் பதிவு முழுவதையும் மறுபடி சரிபார்ப்பார்கள்.

சில வேளைகளில் மாநிலம் புதிய பதிவுகளையே நிறுத்திவைக்கும். அரிசோனா 2023 ஜூனில், புறநோயாளி மனநல மையங்கள், தங்கும் மையங்கள் உள்ளிட்ட சில வகைகளுக்குப் புதிய பதிவை நிறுத்தி, அந்தத் தடையை ஆறாறு மாதங்களாக நீட்டித்தது. சுகாதாரத் துறை உரிமம் தந்திருந்தும் பில் அனுப்ப வழியில்லாமல் நின்ற மையங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மாநில மெடிக்கெய்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் இத்தகைய தடை இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

ஒப்பந்தமும் இடைவெளிக் காலமும்

மெடிக்கெய்ட் பயனாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூவர், மாநிலம் மாதந்தோறும் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து ஒப்படைத்திருக்கும் தனியார் காப்பீட்டு நிறுவனங்களின் கீழ் இருக்கிறார்கள். அவர்களுடைய சிகிச்சைக்கான பணத்தை அந்த நிறுவனந்தான் தரும். அதற்கு அதன் வலைப்பின்னலில் சேர வேண்டும். வல்லுநர்களின் படிப்பு, உரிமம், வழக்கு வரலாறு எல்லாவற்றையும் அந்த நிறுவனம் மறுபடி சரிபார்க்கும். இதற்கு மூன்று மாதம் ஆவது சாதாரணம். வட்டாரத்தில் போதுமான மையங்கள் ஏற்கெனவே இருப்பதாக நினைத்தால் மறுத்தும் விடலாம். இவ்விடத்தில் கார்ஃப், ஜாயின்ட் கமிஷன் போன்ற அமைப்புகளின் தரச்சான்று உதவும். சில மாநிலங்களில் அது கட்டாயமும்கூட.

இப்போது பணக் கணக்கு. உதாரணத்துக்கு, வாடகையும் சம்பளமும் காப்பீடும் சேர்ந்து மாதம் 50,000 டாலர் ஆகும் ஒரு சிறு மையத்தை எடுத்துக்கொள்வோம். உரிமம் பெறுவதற்கே கட்டடமும் முக்கிய ஊழியர்களும் தயாராக இருக்க வேண்டும் என்பதால், செலவு அன்றே தொடங்கிவிடுகிறது. உரிமத்துக்கு மூன்று மாதம், பதிவுக்கு இரண்டு, ஒப்பந்தத்துக்கு மூன்று, முதல் பில் பணமாகத் திரும்ப ஒன்றரை என்று வைத்தால், ஒன்பதரை மாதங்களில் 4,75,000 டாலர் கரைந்திருக்கும். வரவு ஒன்றும் இருக்காது. சில வேலைகளை ஒரே நேரத்தில் நடத்தி இதைக் குறைக்கலாம். ஆனால் பொதுவாக, பதிவும் ஒப்பந்தமும் நடைமுறைக்கு வருவதற்கு முன் தந்த சிகிச்சைக்குப் பணம் எதிர்பார்க்கக் கூடாது.

பணம் வரத் தொடங்கிய பின்னும் மெடிக்கெய்ட் கட்டணம் தனியார் காப்பீட்டை விடக் குறைவு. மெடிக்கெய்ட் தரும் தொகையே முழுத் தொகை; மீதியை நோயாளியிடம் கேட்கச் சட்டம் அனுமதிக்காது. நோயாளிக்கு வேறு காப்பீடு இருந்தால் முதலில் அங்கே பில் அனுப்ப வேண்டும். தங்கும் சிகிச்சைக்குப் பெரும்பாலும் முன் அனுமதியும், இத்தனை நாளுக்கு ஒருமுறை அதை நீட்டிக்கும் விண்ணப்பமும் உண்டு. அந்த நீட்டிப்பைத் தவறவிட்ட நாட்களுக்கான பணம் பெரும்பாலும் போனதுதான்.

அரிசோனாவில் நடந்தது

2023 மே மாதம் ஆளுநர் கேட்டி ஹாப்ஸும் மாநில அட்டர்னி ஜெனரல் கிரிஸ் மேயஸும் ஒரு மோசடியை அறிவித்தார்கள். பழங்குடி மக்களுக்கான அரிசோனா மெடிக்கெய்ட் பிரிவில் இடையே காப்பீட்டு நிறுவனம் இல்லை; மையம் அனுப்பும் பில்லுக்கு மாநிலமே நேரடியாகப் பணம் தந்தது. தீவிரப் புறநோயாளிச் சிகிச்சைக்கான எச்0015 என்ற குறியீட்டுக்கு நிலையான கட்டணமும் வகுக்கப்பட்டிருக்கவில்லை. கேட்ட தொகையில் ஒரு விழுக்காடு கொடுக்கப்பட்டது. எனவே அதிகம் கேட்டவருக்கு அதிகம் கிடைத்தது. தரகர்கள் நவாஹோ பழங்குடியினரின் தன்னாட்சி நிலப்பகுதிக்கும் பக்கத்து மாநிலங்களுக்கும் வேன்களை அனுப்பி, தங்க இடமும் உணவும் தருவதாகச் சொல்லிப் பழங்குடியினரை ஃபீனிக்ஸ் நகரத்து வீடுகளுக்குக் கொண்டுவந்தார்கள். பல வீடுகளில் சிகிச்சையே நடக்கவில்லை, மதுவும் போதைப்பொருளும் அங்கேயே புழங்கின, பலர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மையங்களுக்கான பணம் நிறுத்தப்பட்டபோது அங்கிருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களைத் தேடி வீடு சேர்க்க நவாஹோ அரசு ‘ரெயின்போ பிரிட்ஜ்’ என்ற பெயரில் ஒரு நடவடிக்கையையே தொடங்க வேண்டியிருந்தது. மாநிலத்துக்கு ஏற்பட்ட இழப்பு 200 கோடி டாலருக்கும் மேல் என்று அட்டர்னி ஜெனரல் தரப்பு மதிப்பிட்டது.

நேர்மையாகத் தொடங்குகிறவருக்கு இதில் உள்ள பாடம் சட்டத்தைப் பற்றியது. நோயாளியை அனுப்பிவைப்பவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பது, வேறு பல தொழில்களில் வழக்கமாக இருந்தாலும், இங்கே மத்தியக் குற்றம். 2018-ஆம் ஆண்டின் மீட்புத் துறைக் கையூட்டு ஒழிப்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு சம்பவத்துக்கும் 2,00,000 டாலர் வரை அபராதமும் 10 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். நோயாளிக்கு இலவச வாடகையைத் தூண்டிலாகக் காட்டுவதும், மார்க்கெட்டிங் ஊழியருக்குச் சேர்ந்த தலைகளின் கணக்கில் சம்பளம் தருவதும் இதே வலையில் சிக்கலாம். 1863-இல், உள்நாட்டுப் போர்க் காலத்தில் இயற்றிய பொய்க் கோரிக்கைச் சட்டமோ, அரசு இழந்த தொகையின் மும்மடங்கோடு, ஒவ்வொரு பொய் பில்லுக்கும் 13,000 டாலருக்கு மேல் தண்டம் வசூலிக்கிறது. தவறுதலாகக் கூடுதல் பணம் வந்ததென்று கண்டறிந்தால் 60 நாட்களுக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும்.

மோசடி எண்ணமே இல்லாத மையங்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் சிகிச்சைக் குறிப்பில்தான். தணிக்கையாளர் நோயாளியைப் பார்ப்பதில்லை, குறிப்பைப் பார்க்கிறார். “குழு அமர்வில் கலந்துகொண்டார், நன்கு ஈடுபட்டார்” என்ற ஒரே வரி எட்டு நோயாளிகளின் கோப்பிலும் அப்படியே இருந்தால், எட்டு பில்லும் கேள்விக்குள்ளாகும். அமர்வு தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நடத்தியவரின் பெயரும் தகுதியும், சிகிச்சைத் திட்டத்தின் எந்த இலக்கைத் தொட்டது, அந்த நோயாளி தாமே சொன்னது அல்லது செய்தது என்ன, அடுத்து என்ன என்பன இருக்க வேண்டும். “சம்பள நாளன்று பழைய நண்பர்கள் அழைத்ததாகவும், தொலைபேசியை அணைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனதாகவும் சொன்னார், இத்தகைய நாட்களுக்கான திட்டத்தைக் குழுவில் எழுதினார்” என்ற குறிப்பை வேறொருவர் கோப்பில் ஒட்ட முடியாது. வேன் ஓட்டுநரின் பதிவேட்டையும் தணிக்கையாளர்கள் கேட்பார்கள். காலை 10 மணிக்குக் குழுவில் இருந்ததாகப் பில் போன நோயாளி அதே நேரத்தில் பல் மருத்துவரிடம் இறக்கிவிடப்பட்டிருந்தால் விளக்கம் சொல்வது கடினம்.

இந்தக் குறிப்புகளுக்கு ரகசியப் பாதுகாப்பும் உண்டு. எல்லா மருத்துவத் தகவல்களுக்கும் உரிய ஹிப்பா சட்டத்துக்கு மேலாக, போதை மீட்பு ஆவணங்களுக்குத் தனி மத்திய விதி இருக்கிறது. நோயாளியின் ஒப்புதலோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல், காவல்துறை கேட்டாலும் அவர் அங்கே சிகிச்சை பெறுகிறார் என்பதைக்கூட உறுதி செய்யக் கூடாது. வரவேற்பறை ஊழியருக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

வரும் ஆண்டுகளுக்குத் திட்டமிடுவோர் 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வருமான வரம்பை உயர்த்திக் கூடுதலானோரைச் சேர்த்த மெடிக்கெய்ட் விரிவாக்கத்தின் வழியாகச் சேர்ந்த 19 முதல் 64 வயது வரையிலானவர்கள், 2027 தொடக்கத்திலிருந்து மாதம் 80 மணி நேரம் வேலை, படிப்பு அல்லது தொண்டில் ஈடுபட்டதைக் காட்ட வேண்டும்; அவர்களுடைய தகுதியையும் ஆண்டுக்கு ஒருமுறை என்பதற்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பார்கள். போதைப் பழக்க நோய் உள்ளவர்களுக்கும் அதற்கான சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் விலக்கு உண்டு என்றாலும், அந்த விலக்கைக் கோருவதற்கான காகிதம் பல நேரங்களில் மையத்திலிருந்துதான் போக வேண்டியிருக்கும். எனவே நோயாளி உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் அன்றைய தேதியில் அவருடைய காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று கணினியில் பார்ப்பதற்கும், ஆறு மாதத் தேதி நெருங்குபவர்களை அழைத்துப் படிவத்தை நிரப்ப உதவுவதற்கும் ஓர் ஊழியரின் நேரத்தை இப்போதே சம்பளக் கணக்கில் ஒதுக்கிவைப்பது நல்லது.